கறுக்காத கரண்டி

ஒரு பேரரசு இருந்தது. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பது அதன் பேரரசருக்கே சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லையில் வசித்தார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

பேரரசர் இரணகேசரி தினமும் நண்பகலில் உணவு மண்டபத்துக்கு வருவார். அங்கே தட்டு, கிண்ணம், செம்பு, தாம்பாளம் எல்லாம் தங்கம். உணவைத் தொடும் பொருள்களில் ஒன்றே ஒன்றுதான் வெள்ளி. அது ஒரு கரண்டி.

பேரரசர் வாய் வைப்பதற்கு முன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் இறங்கிப் பார்ப்பது கரண்டியின் வேலை. நஞ்சு பட்டால் வெள்ளி கறுத்துவிடும். எவ்வளவு நேரம் இறங்கி நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு முறை இருந்தது. பேரரசருக்கு இருபது பட்டங்கள். கட்டியக்காரர் இருபதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை கரண்டி குழம்பில் நிற்கும். பிறகு அதை எடுத்துத் துடைத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்கள். வெளுப்பாக இருந்தால் பேரரசர் சாப்பிடுவார். கறுத்திருந்தால் சமைத்தவர் சாப்பிட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு மனிதர்களைத்தான் வைத்திருந்தார்கள். மனிதர்கள் விலைபோனார்கள். ஒருவருக்கு மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டியிருந்தது. கரண்டிக்குக் குடும்பம் இல்லை என்பதை அந்தக் காலத்து மந்திரி ஒருவர் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு ஒரு கிராமத்தையே எழுதிவைத்தார்கள். கரண்டிக்கும் ஏதாவது ஆசை இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பத்தொன்பது வருடங்களில் கரண்டி நான்கு முறை கறுத்திருந்தது. முதல் முறை அகப்பட்டவர் பட்டத்தரசியின் அண்ணன். இரண்டாவது முறை சேனாதிபதி. மூன்றாவது முறை பேரரசரின் மூத்த மகன். மூன்று முறையும் பேரரசர் உயிர் பிழைத்தார். மூன்று முறையும் அவர் கரண்டியை ஒரு பார்வை பார்த்தார். அதில் நன்றி எதுவும் இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த சாப்பாட்டைக் கெடுத்தவனைப் பார்க்கிற பார்வை அது.

நான்காவது முறை அகப்பட்டது முட்டை.

வெள்ளி முட்டைக்கும் கறுக்கும் என்பது பாத்திரம் தேய்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்களையும் யாரும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமையற்காரர் ஒருவர் பேரரசரை மகிழ்விக்க நினைத்து முட்டைக் குழம்பு வைத்திருந்தார். கரண்டி கறுத்தது. முறைப்படி அவரையே சாப்பிடச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். ஏப்பம் விட்டார். மாலைவரை காத்திருந்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மந்திரிகள் கூடி யோசித்தார்கள். கரண்டி தவறிவிட்டது என்று அறிவித்தால் முன்பு தண்டிக்கப்பட்ட மூன்று பேரைப் பற்றியும் யாராவது கேள்வி கேட்பார்கள். ஆகவே மறுநாள் காலையில் அந்தச் சமையற்காரரின் தலையை வாங்கினார்கள். அரண்மனைக்குள் இனி முட்டை வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள்.

அது நடந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. ஏப்பம் விட்ட அந்த மனிதரைக் கரண்டி மறக்கவில்லை.

ஒவ்வொரு முறை கறுத்த பிறகும் அதைப் புளியும் சாம்பலும் போட்டு உடம்பு காந்தும்வரை தேய்ப்பார்கள். தங்கக் கிண்ணங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். தேய்த்த தண்ணீர் தங்கள்மேல் தெறித்துவிடுமோ என்று அவற்றுக்குப் பயம். அவை கரண்டிக்கு வைத்திருந்த பெயர் கரிமூஞ்சி. கறுக்காமல் இருந்த வருடங்களிலும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

மண்டபத்தில் கரண்டியோடு முகம் கொடுத்துப் பேசியது படிக்கம் ஒன்றுதான். அது பித்தளை. பேரரசரின் சாய்மஞ்சத்துக்கு அடியில் கிடந்து வெற்றிலை எச்சிலை வாங்கிக்கொள்ளும். கௌரவம் என்ற பேச்சே இல்லாத வேலையில் இருந்ததால் அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சந்தனப் பெட்டியில் அரச முத்திரை இருந்தது. பேரரசர் சாப்பிட்டு முடித்துக் கண் சொருகும் நேரத்தில்தான் ஆணைகளில் முத்திரை விழும் என்பதால் அதையும் அங்கேயே வைத்திருந்தார்கள். மகாமந்திரி புண்ணியகோடி ஓலைகளை ஒவ்வொன்றாக நீட்டுவார். பேரரசர் கொட்டாவி விடுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புண்ணியகோடி உருகிய அரக்கில் முத்திரையைப் பதிப்பார்.

அந்த வருடம் மேற்கு எல்லையிலிருந்து ஒரு மனு வந்தது. மனுக்கள் வழக்கமாகப் புண்ணியகோடியிடம் போகும். அவரிடமிருந்து அடுப்புக்குப் போகும். இது ஒரு துணி முடிச்சுக்குள் வந்தது. கொண்டுவந்தவர் புது விளைச்சலின் காணிக்கை என்று காவலர்களிடம் சொல்லிவிட்டதால் நேராகச் சாப்பாட்டு மேடைக்கே வந்துவிட்டது. பேரரசர் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி மண்ணும் ஒரு சீட்டும் இருந்தன. இந்த வருடம் நாங்கள் தின்றது இது என்று சீட்டில் எழுதியிருந்தது.

பேரரசர் புண்ணியகோடியைப் பார்த்தார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொந்த மண்மேல் அவ்வளவு பற்று என்று புண்ணியகோடி விளக்கினார்.

இரணகேசரி சோம்பேறிதான், ஆனால் முழு முட்டாள் அல்ல. மேற்கே உள்ள ஏழு களஞ்சியங்களும் என்ன ஆயின என்று கேட்டார். நிரம்பி வழிகின்றன என்றார் புண்ணியகோடி. மாதா மாதம் முத்திரையோடு ஓலை வருகிறதே என்றும் நினைவூட்டினார். பங்குனி பிறந்ததும் தானே போய்ப் பார்ப்பதாகப் பேரரசர் சொல்லிவிட்டார்.

பங்குனிக்கு நாற்பது நாள் இருந்தது. களஞ்சியங்களில் எலிகூட இல்லை. மூன்று வருடமாகத் தானியம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அரசன் புண்ணியகோடிக்கு நல்ல நண்பன். நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதைத்தான் அவர்களும் செய்துகொண்டார்கள்.

நான்கு நாள் கழித்துப் புண்ணியகோடி சபையில் எழுந்து கரண்டியைப் பற்றிப் பேசினார். பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. பத்தொன்பது வருடங்கள் உயிரைக் காத்த ஊழியன் இன்னும் வெள்ளியாகவே இருப்பது பேரரசுக்கே தலைகுனிவு என்றார். அதற்குத் தங்க முலாம் பூசிக் கௌரவிக்க வேண்டும் என்றார். கூடவே பேரரசருக்குப் புதிதாக ஐந்து பட்டங்கள் வழங்கலாம் என்றும், அதனால் கரண்டி உணவில் நிற்கும் நேரம் கூடிப் பாதுகாப்பும் கூடும் என்றும் சொன்னார். ஐந்து பட்டங்களில் ஒன்று, துரோகத்தைக் கண்ணால் காணாதவர் என்பது. பேரரசருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அரண்மனைத் தட்டாரை வரவழைத்தார்கள். அவர் கரண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கம் பூசினால் இது கறுக்கிற வேலையை எப்படிச் செய்யும் என்று கேட்டார்.

"வெள்ளி உயர்ந்ததா, தங்கம் உயர்ந்ததா?" என்று புண்ணியகோடி அவரைக் கேட்டார்.

"தங்கம்தான் ஐயா."

"தாழ்ந்த உலோகமே இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்தால், உயர்ந்த உலோகம் இன்னும் எவ்வளவு நன்றாகச் செய்யும்? பேரரசரின் சிம்மாசனம் தங்கம். தங்கத்தால் முடியாதது ஒன்று உண்டு என்று இந்தச் சபையில் யாராவது சொல்கிறீர்களா?"

யாரும் சொல்லவில்லை. தட்டாருக்குப் பட்டுப் போர்த்தினார்கள்.

அன்று பிற்பகல் மண்டபம் காலியான பிறகு கரண்டி முத்திரையிடம் பேச்சுக் கொடுத்தது. அதுவரை முத்திரை அதனோடு பேசியதில்லை. அன்று பெட்டிக்குள்ளிருந்தே மரியாதையாகப் பதில் சொன்னது.

"எனக்கு முலாம் பூசச் சொன்ன ஆணையில் நீங்கள்தான் விழுந்தீர்கள். என்ன எழுதியிருந்தது?" என்று கரண்டி கேட்டது.

"நான் எதையும் படிப்பதில்லை ஐயா. மேலே ஒரு கை, கீழே சூடான அரக்கு. நடுவில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்."

"தங்கம் கறுக்காதே. எனக்கு அதுதான் கவலை."

"கறுக்காமல் இருப்பதைத்தான் ஐயா மரியாதை என்கிறார்கள். இத்தனை வருடம் கறுத்தீர்களே, ஒருவராவது உங்களை நல்லவர் என்று சொன்னார்களா? அந்த முட்டைச் சமையற்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள், உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று."

கரண்டி இரவு முழுவதும் அந்த ஏப்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் முலாம் பூசினார்கள். சூடு பொறுக்க முடியவில்லை. பிறகு குளிர்ந்தது. கரண்டி தன்னைத் தாம்பாளத்தில் பார்த்துக்கொண்டது. எங்கே தாம்பாளம் முடிந்து தான் தொடங்குகிறோம் என்று அதற்கே தெரியவில்லை. கிண்ணங்கள் நகர்ந்து இடம் விட்டன. ஒரு கிண்ணம் அதை அண்ணா என்று கூப்பிட்டது.

படிக்கம் மட்டும் கீழேயிருந்து, "என்னப்பா, இனிமேல் உனக்கு என்ன வேலை?" என்று விசாரித்தது.

"அதே வேலைதான். கூடுதல் கௌரவத்தோடு."

"கௌரவம் தெரிகிறது. வேலையைத்தான் காணோம்."

ஏழாவது நாள் பால் பாயசத்தில் கரண்டியை இறக்கினார்கள். கட்டியக்காரர் எட்டாவது பட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்டிக்கு உடம்புக்குள் எரிந்தது. அந்த எரிச்சல் அதற்குப் பழக்கமானது. நான்கு முறை அறிந்தது. முலாமுக்கு அடியில் வெள்ளி துடித்தது. மேலே எடுத்துத் துடைத்துத் தூக்கிக் காட்டினார்கள். அது சூரியனைப் போல ஜொலித்தது. சபையோர் கைகூப்பினார்கள். பேரரசர் பாயசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மண்டபம் காலியானதும் படிக்கம் கேட்டது. "எரிந்ததா?"

"கொஞ்சம்."

"அப்புறம்?"

"முட்டையாக இருக்கலாம்."

"அரண்மனைக்குள் முட்டை வந்து பதினோரு வருடம் ஆகிறது. பாயசத்தில் முட்டையை யாரப்பா உடைத்து ஊற்றுவார்கள்?" என்றது படிக்கம்.

"யாராவது ஒளித்துக் கொண்டுவந்திருக்கலாம். நான் ஒரு முறை அவசரப்பட்டு ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன். இன்னொரு முறை அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு" என்றது படிக்கம். "மேலே பூசியிருப்பது காகிதத்தைவிட மெல்லிசு. துடைக்கிறவர் கையிலிருந்து ஒரு தடவை நழுவிக் கல்தரையில் விழு. பெயர்ந்துவிடும். கரண்டிக்கு நழுவுவதையாவது ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமா?"

நழுவுவதாகக் கரண்டி ஒப்புக்கொண்டது. ஆனால் மறுநாள் ஊர்வலம் இருந்தது. முலாம் பூசிய நாள் முதல் அரண்மனையில் ஒரு முறைகூட நஞ்சு அகப்படவில்லை என்பதைக் கொண்டாட அதை ஏற்பாடு செய்திருந்தார்கள். கரண்டியைப் பட்டு மெத்தையில் வைத்து யானைமேல் ஏற்றினார்கள். தெருவின் இருபுறமும் நின்ற ஜனங்கள் பூ எறிந்தார்கள். இனி நாட்டில் துரோகமே இல்லை என்று முரசறைந்து சொன்னார்கள். கூட்டத்தில் சிலர் அதைக் கேட்டு அழுதார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் தான் மட்டும் எதற்கு வேறு விதமாக நினைக்க வேண்டும் என்று கரண்டிக்குத் தோன்றியது. ஊர்வலம் முடியட்டும், பிறகு நழுவிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது.

ஊர்வலம் முடிந்ததும், வாரம்தோறும் ஊர்வலம் என்று அறிவித்தார்கள்.

எரிச்சலும் தினசரி ஆயிற்று. ஒரு நாள் ரசத்தில், ஒரு நாள் கூட்டில். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பேரரசருக்கு முதலில் பசி போயிற்று. பிறகு நகங்களில் கோடு விழுந்தது. கைகள் நடுங்கின. வைத்தியர்கள் வந்து நாக்கையும் கண்ணையும் பார்த்தார்கள். உணவில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு வைத்தியர் மெல்ல இழுத்தார். புண்ணியகோடி கரண்டியை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார். அதில் வைத்தியருக்குத் தன் முகம் தெரிந்தது. அவர் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, இது வாதக் கோளாறு என்றார்.

மேற்குப் பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளினார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேரரசரைச் சாய்மஞ்சத்தைவிட்டு எழுப்ப முடியாமல் போனபோது உணவு மண்டபமே நோய் அறையாயிற்று. படிக்கம் மஞ்சத்துக்கு அடியிலிருந்து தலைமாட்டுக்கு வந்தது. அவர் சாப்பிட்டதெல்லாம் இப்போது அதில்தான் வந்து விழுந்தது. நாலே நாளில் அதன் உட்புறம் பச்சை பூத்தது. மடைப்பள்ளித் தலைவர் ஆதிமூலம் அதைப் பார்த்தார். படிக்கத்தைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று தேய்ப்பவளைத் திட்டினார். அவள் நன்றாகத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அடுத்த நாள் மறுபடி பச்சை பூத்தது. அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

"என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்" என்று படிக்கம் கரண்டியிடம் சொன்னது. "ஆனால் படிக்கத்தின் பேச்சை யார் கேட்கிறார்கள்? யானைமேல் போனவன் நீ. நீ சொல்லு."

கரண்டி முத்திரையிடம் யோசனை கேட்டது. முத்திரை பெட்டிக்குள் புரண்டு படுத்தது. "உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா ஐயா? நிச்சயம் இல்லாமல் பேசுவது நமக்கு அழகில்லை. தவிர, அவர் எழுந்து மேற்கே போனால் ஏழு களஞ்சியத்துக் கதவிலும் தொங்குவது என் முகம்தான். படிக்கத் தெரியாதவன் என்று சொன்னால் நம்புவார்களா? அரக்கோடு சேர்த்து உருக்கிவிடுவார்கள். கூடவே உங்களையும். ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்."

கரண்டி தனக்கும் உருகுகிற உடம்புதான் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தது. அன்றும் நழுவவில்லை.

ஒரு நாள் காலையில் பேரரசர் எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். கரண்டியைக் கேட்டு வாங்கினார். அதைப் பிடிக்கவே அவருக்கு இரண்டு கை தேவைப்பட்டது. முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். அதில் தெரிந்த முகத்தை யாரோ என்று நினைத்தவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கறுத்தபோதெல்லாம் உன்னை வெறுத்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். "என் மகனைக் காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், இந்த அரண்மனையில் என்னிடம் பொய் சொல்லாதவன் நீ ஒருவன்தான். இவர்கள் எல்லோர்மேலும் எனக்குச் சந்தேகம் வருகிறது. அப்புறம் உன்னைப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறாய். அதை நம்பித்தான் இன்னும் வாயைத் திறக்கிறேன்."

அவர் அதை மார்பின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் மூச்சு ஏறி இறங்கக் கரண்டியும் ஏறி இறங்கியது. பத்தொன்பது வருடங்களில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சூடு வைத்துத் தங்கத்தைப் பூசியபோதுகூடக் கரண்டிக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"இன்றைக்கு நழுவுகிறேன்" என்று படிக்கத்திடம் சொன்னது.

"ஊர்வலம் எதுவும் இல்லையா?"

"கேலி செய்யாதே. எந்தப் பக்கம் விழுந்தால் நன்றாகப் பெயரும்?"

"என் விளிம்பில் விழு" என்றது படிக்கம். இந்த முறை அது கேலி செய்யவில்லை. "கல்லைவிட நான் கொஞ்சம் பார்த்து அடிப்பேன்."

நண்பகலில் கஞ்சி வந்தது. அன்று பேரரசரின் நிலை மோசம் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்ததால் அரசவையே மஞ்சத்தைச் சுற்றி நின்றது. மந்திரிகள், தளபதிகள், இளைய மகன்கள் இருவர், வைத்தியர்கள், கட்டியக்காரர். எல்லோரும் முகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். முறைப்படி கரண்டியைக் கஞ்சியில் இறக்கினார்கள். இருபத்தைந்து பட்டங்கள் சொல்லி முடிவதற்குள் கஞ்சியில் ஏடு படிந்துவிட்டது. கரண்டி ஜொலித்தது. முதல் வாயை அந்தக் கரண்டியாலேயே தானே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று பேரரசர் அதைக் கையில் வாங்கினார்.

அவர் விரல்கள் நடுங்கின. கரண்டி நழுவியது.

படிக்கத்தின் விளிம்பில் ஓங்கி அடிபட்டுத் தரையில் விழுந்தது. குழிவின் நுனியில் ஒரு நக அளவுக்குத் தங்கம் பெயர்ந்து உள்ளே வெள்ளி தெரிந்தது. ஆதிமூலம் குனிந்து அதை எடுத்தார். கீழே விழுந்த கரண்டியை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்பது பழைய விதி. விதியைக் கைவிட யாருக்கும் துணிவில்லை. புண்ணியகோடி வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள் ஆதிமூலம் பழக்கத்தில் அதைத் துடைத்துக் கஞ்சியில் வைத்துவிட்டார். கட்டியக்காரரும் பழக்கத்தில் முதல் பட்டத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கிய பட்டத்தை நடுவில் நிறுத்துவது ராஜத்துரோகம்.

கரண்டிக்கு எரிந்தது. அதை மறைக்க இப்போது மேலே ஒன்றும் இல்லை. எரிச்சலுக்குத் தன்னை முழுக்க விட்டுக்கொடுத்தது. இருபத்தைந்தாவது பட்டம் முடிந்தது. ஆதிமூலம் கரண்டியை எடுத்துத் துடைத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

தங்கத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு இருந்தது. அடுப்புக் கரியைப் போன்ற கறுப்பு.

ஆதிமூலத்தின் கை அப்படியே நின்றது. பேரரசர் அதைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் புண்ணியகோடியைப் பார்த்தார். பேரரசரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

புண்ணியகோடியின் முகம் ஒரு கணம் சாம்பலாயிற்று. மறு கணம் அவர் கண்களில் நீர் நிறைந்தது. அவர் முன்னால் வந்து ஆதிமூலத்தின் கையிலிருந்து கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பார்த்தீர்களா?" என்றார். "உயிரில்லாத கரண்டிக்கே பிரபுவின் நிலையைப் பார்த்துத் துக்கம் தாங்கவில்லை. கறுத்துவிட்டது."

யாரும் உடனே எதுவும் செய்யவில்லை. தளபதி இளைய மகன்களைப் பார்த்தார். அவர்கள் வைத்தியரைப் பார்த்தார்கள். வைத்தியர் புண்ணியகோடிக்குப் பின்னால் நின்ற காவலர்களைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் விசும்பினார். அடுத்துத் தளபதி அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். மகன்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். ஆதிமூலம் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். பெட்டிக்குள் முத்திரை கண்ணை மூடிக்கொண்டது.

புண்ணியகோடி மஞ்சத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். கடைசிவரை விசுவாசமாக இருந்த கரண்டியின் கையால்தான் பிரபு சாப்பிட வேண்டும் என்று சொல்லி, அதனாலேயே கஞ்சியை அள்ளினார். பேரரசர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வைத்தியர் அழுதுகொண்டே அவர் தாடையை மெதுவாகப் பிடித்துத் திறந்துவிட்டார். கரண்டி நழுவப் பார்த்தது. புண்ணியகோடியின் கை நடுங்குகிற கை அல்ல. கிண்ணம் காலியாகும்வரை அது போய்ப் போய் வந்தது.

அந்த அறையில் கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் எல்லோரும் அவ்வளவு சத்தமாக அழுதார்கள்.